பாடசாலைக்கு வந்த பங்கு

அந்தப் பொதியை என் இரண்டு கையாலும் வாங்கி, நன்றியும் சொல்லி, பாடசாலை அலுமாரிக்குள் வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும்போது யார் மீதாவது உங்களுக்குக் கோபம் வந்தால், அந்த வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்திவிட்டு மற்றவர்களிடம் போங்கள். விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்திலும் இந்த உண்மை இருக்கிறது. அதில் இல்லாதவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வந்த அதிகாரிகள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அந்த ஒரே நாளில் நான் எத்தனை தடவை வாயடைத்துப் போனேன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்கு பக்கம் போதாது.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, மன்னார் தீவின் வடகரையில், பேசாலைக்கும் அப்பால் ஒரு சின்ன மீனவ ஊரில் விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு நியமனம் கிடைத்தது. ஊரின் பெயர் வேண்டாம். நான் பெருநிலத்தில் வயல் பக்கத்துக்காரி. தாராபுரத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, காலையில் தலைமன்னார் பஸ்ஸில் ஏறி இறங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பேன். முதல் மாதம் முழுக்க எனக்கு எரிச்சல்தான். மணல், உப்புக் காற்று, போதாததற்குப் பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் வந்து நிற்கும் கழுதை. அதை விரட்டப் போனால் பிள்ளைகள் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்கள். "அது ஒவ்வொரு நாளும் வாறது ரீச்சர்" என்றார்கள், வரவுப் பதிவேட்டில் பெயர் இருப்பதுபோல.

அந்த ஊரோடு என்னை ஒட்ட வைத்தது அவர்களுடைய பங்கு. அது கரைவலை இழுக்கிற ஊர். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். ஆண்களும் இழுப்பார்கள், பெண்களும் இழுப்பார்கள். மீன் வந்து சேர்ந்ததும் வியாபாரிக்குப் போவது போக, கறிக்கென்று ஒதுக்கியது வீட்டுக்கு வீடு பங்காகும். பங்கு பிரிப்பவர் மீன் காய வைக்கும் கருவாட்டு வாடியில் வேலை செய்யும் ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். மணலில் குவியல் குவியலாக மீனை வைப்பார். ஒருவர் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அக்கா ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டைச் சொல்வார். அவ்வளவுதான், அதற்கு மேல் வாய் திறக்க ஆளில்லை. கயிற்றில் கை வைத்த வீட்டுக்கும் பங்கு உண்டு, கை வைக்க முடியாமல் பாயில் கிடக்கிற வீட்டுக்கும் உண்டு. கோயிலுக்கு ஒன்று. பாடசாலைக்கு ஒன்று. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பாடசாலைக்குக் கூரை இருக்கவில்லை. ஒரு பருவத்து மீன் பங்கில்தான் கூரை போட்டார்களாம். கூரை போட்ட பிறகும் பங்கை நிறுத்தவில்லை.

எங்கள் பக்கம் வரம்பை ஒரு சாண் தள்ளி வெட்டியதற்கு அண்ணனும் தம்பியும் வழக்காடிய கதை வீட்டுக்கு வீடு இருக்கும். என் சொந்தத் தகப்பனே இரண்டு வழக்கு வைத்திருந்தவர். அப்படி வளர்ந்த எனக்கு, நாற்பத்தொரு வீட்டுக் குவியலையும் ஒரு சண்டையும் இல்லாமல் தூக்கிக்கொண்டு போகிற சனத்தைப் பார்க்கும்போது மலைப்பாக இருந்தது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து அந்த அக்கா சிரிப்பார். "ரீச்சர், ஈ போகப் போகுது" என்பார்.

வாடைக்காற்று ஓய்ந்து வந்த ஒரு நாள், வலை இழுத்துக்கொண்டிருந்த நேரம் ஒரு பொதி கரை ஒதுங்கியது. கறுத்தப் பொலித்தீனில் சுற்றி, மிதக்க வைக்க ரெஜிபோம் துண்டுகளைக் கட்டிய பொதி. அக்கரையிலிருந்து சாமான் கடத்தி வருகிற படகுகளை நேவி துரத்தினால், கையில் இருப்பதைக் கடலில் தள்ளிவிட்டு ஓடுவது வழக்கம். ஊருக்கு அது தெரியாததல்ல. கஞ்சா ஒதுங்கினால் கிட்டவும் போகமாட்டார்கள். நேவிக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். ஆனால் இந்தப் பொதிக்குள் இருந்தது இலையும் அல்ல, தூளும் அல்ல. பளபளவென்று வெள்ளியட்டைகள். அட்டைக்குப் பத்துக் குளிசை, பாதி சிவப்பு, பாதி மஞ்சள். பெட்டியில் ஆங்கிலத்தில் நோவுக்கென்று எழுதியிருந்ததை ஒருவர் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார். இடுப்பு நிமிர்த்த முடியாமல் நாரி நோவோடு நின்ற ஒரு மனிசி ஒன்றை விழுங்கியிருக்கிறார். அரை மணித்தியாலத்தில் அவர் முனகாமல் கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்திருக்கிறார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வருடக்கணக்காகக் கயிறு இழுக்கிற ஊரில் நாரி நோகாதவர் யார்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் உழைப்புப் போகும்.

வலை இழுக்கும்போது கடல் ஒதுக்கியது எதுவானாலும் அது பங்குக்குரியது. பலகையும் அப்படித்தான், கயிறும் அப்படித்தான். ஆகவே குளிசையும் பங்காயிற்று.

மறுநாள் காலை அந்த அக்கா, தோய்த்துக் காய்ந்த துணியில் சுற்றி ஐந்து அட்டைகளைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பங்கு ரீச்சர். பிள்ளையள் விழுந்தெழும்பின நோவுக்கு வையுங்கோ" என்றார்.

முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பு நான். அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரை வாசித்தேன். ட்ரமடோல் என்று இருந்தது. எனக்குத் தெரியாத பெயர். தெரியாததை யாரிடமாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஊர் தந்த பங்கை மூக்கைச் சுளித்துப் பார்ப்பதா என்று ஒரு வெட்கம். பூட்டு எப்போதோ பழுதாகிப்போன அந்த அலுமாரிக்குள் வைத்தேன். அலுமாரிக்கு நேர் மேலே சுவரில் 'போதையற்ற பாடசாலை' என்ற பெரிய மட்டை தொங்கியது. நானே கீறியது. ஊசி, வெள்ளைத் தூள், மண்டையோடு. தெரியாத ஆட்கள் தரும் டொபியை வாங்கக்கூடாது என்று அதைக் காட்டிக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் கண்ணுக்கு ஆபத்தென்றால் அது அந்தப் படத்தில் இருந்த மாதிரியே வந்திருக்க வேண்டும். வெள்ளியட்டையில் பெயர் அச்சடித்துக்கொண்டு, ஊரே மதிக்கிற ஒரு பெண்ணின் கையில், தோய்த்த துணியில் வந்தால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டு கிழமைக்குள் ஆறு பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று கொடுத்தேன். எல்லோரும் மேல்வகுப்புப் பிள்ளைகள். அதில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு, விளையாட்டுக்குப் பிரித்த அணிகளில் நீல இல்லத்தின் தலைவி. விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்த நாட்கள். கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தவள், குளிசை குடித்து ஒரு பாடம் முடிந்ததும் ஓடினாள். முதலாவதாக வந்தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் துள்ளித் துள்ளிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த கிழமை அவள் வயிற்று நோவென்று வந்தாள். மாதாமாதம் வருகிற நோ. காலையில் தாயும் வீட்டுப் பங்கில் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒன்பது மணிக்கு நான் இரண்டாவதைக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு விறாந்தை வாங்கில் படுத்துக் கிடந்தாள். பயிற்சி நேரத்தில் என்ன நித்திரை என்று நான் ஏசினேன். எனக்கு வாய் முந்தும். எழும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். சத்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். நிழலில் கிடந்த பிள்ளையின் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. திரும்பக் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கடியில் கை வைத்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு வந்தது. அந்த இடைவெளியில் நான் கும்பிடாத தெய்வமில்லை. அவளுடைய மாதாவையும் அந்தோனியாரையும்கூட விடவில்லை.

பாடசாலை அதிபர் அன்று வலயக் கல்விக் கந்தோருக்குப் போயிருந்தார். மற்ற ஆசிரியர்களிடம் பாடசாலையை விட்டுவிட்டு, வழியில் தாயையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் மன்னாருக்குப் பறந்தோம். வழி முழுக்க அவளைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் வயது டொக்டர். "என்ன குடுத்தனீங்கள் ரீச்சர்?" என்று கேட்டார். அவசரத்தில் கைப்பைக்குள் போட்டு வந்த அட்டையை எடுத்து நீட்டினேன். பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"எத்தினை?"

"ஒண்டு" என்றேன் நான்.

"காலமை நானும் ஒண்டு குடுத்தனான்" என்றார் தாய்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தத் தாயின் முகத்தில் என் முகமேதான் இருந்தது.

ஒக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நான் கட்டிலடியில் நின்று அவளுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாசத்தை வருடா வருடம் பாடமாகப் படிப்பிக்கிறவள் நான். உள்மூச்சு, வெளிமூச்சு, விலா என்பு, பிரிமென்றகடு என்று கரும்பலகையில் படம் கீறிப் புள்ளியும் போட்டிருக்கிறேன். ஆனால் நின்று நின்று ஏறிய ஒரு நெஞ்சு, ஒரு ஊசிக்குப் பிறகு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்குவதை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். ஒன்று. இன்னொன்று. அதற்குப் பின்னால் தடையில்லாமல் இன்னொன்று. உலகத்தில் அதைவிடப் பெரிய காரியம் எதுவும் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் வாய் தானாகத் திறந்திருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ரிலே ஓடி முடிஞ்சுதோ ரீச்சர்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம், பயமில்லை என்றார் டொக்டர். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"இது அபின் வகை மருந்து. ஒப்பரேசன் நோவுக்கு நாங்களே அளந்து அளந்துதான் குடுக்கிறனாங்கள். இந்த அட்டையில இருக்கிறது கனத்த அளவு. சின்னப் பிள்ளை ஒண்டு இதில ஒண்டை விழுங்கினாலே காணும், நித்திரையிலயே மூச்சு நிண்டிடும். எங்கயிருந்து வந்தது?"

சொன்னேன். நாற்பத்தொரு வீடு என்று சொன்னேன்.

"நான் பொலிசுக்கு அறிவிக்க வேணும். அது என்ர கடமை."

"அறிவியுங்கோ. ஆனா ஜீப் வந்து நிண்டால் சனம் பயந்து ஒளிக்கும் டொக்டர். அரிசிப் பானைக்குள்ள போடும், மணலுக்குள்ள புதைக்கும். பிறகு அதுகளைப் பிள்ளையள்தான் கண்டெடுக்கும்."

"அப்ப ஜீப்புக்கு முன்னுக்கு நீங்கள் போங்கோ. ஓடுங்கோ" என்றார்.

நான் கடற்கரைக்கு வந்தபோது மதியம் ஒரு மணி கடந்திருந்தது. வலையின் கடைசிக் கட்டம். இரண்டு கயிற்று ஆட்களும் கிட்டக் கிட்ட வந்துவிட்டார்கள். மீன் சேரும் மடி கண்ணுக்குத் தெரிந்தது. அன்று நல்ல மீன்பாடு. தண்ணீருக்கு மேல் பறவைகள் கத்திக்கொண்டு சுற்றின. பங்கு பிரிக்கும் அக்காவும் கயிற்றில்தான் நின்றார். மூச்சு வாங்க வாங்க அவர் காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"பிள்ளை இருக்கிறாளோ?"

"இருக்கிறாள். பயமில்லையாம்."

"எல்லா வீட்டிலயும் இருக்கு" என்றார், என்னிடம் அல்ல, தனக்குத்தானே. "எல்லாருக்கும் நான்தான் பிரிச்சனான். வீட்டில சின்னனுகள் தனிய."

பிறகு கயிற்றை விட்டார். நிமிர்ந்து நின்று, கரை முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்.

"கயித்தை விடுங்கோ!"

மடி தெரிகிற வலையை யாரும் விடமாட்டார்கள். காலை தொடங்கி இழுத்த இழுவை அது. மறுபக்கக் கயிற்றிலிருந்து வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி, உனக்கென்ன விசரா என்று பதிலுக்குக் கத்தினார். அக்கா அவரிடம் நடந்து போய் நாலு சொல் சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. சம்மாட்டி ஒருமுறை கடலைப் பார்த்தார், ஒருமுறை ஊரைப் பார்த்தார். அவர்தான் அந்தப் பக்கத்தில் முதலாவதாகக் கையை எடுத்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எடுத்தார்கள். கயிறு மணலில் இழுபட்டுத் தண்ணீருக்குள் போனது. வலை தளர்ந்தது. மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக் கடலுக்குப் போவதை, நாற்பது ஐம்பது பேர் வெறுங்கையோடு நின்று பார்த்தார்கள். ஒரு நாள் சோறு கண் முன்னால் போகிறது. ஏன் என்றுகூடப் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. அந்த அக்கா சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அக்கா ஒரு படங்கை மணலில் விரிக்கச் சொன்னார். பிறகு நடந்ததை மறைக்காமல் சொன்னார். பிள்ளைக்கு நடந்ததையும், குளிசை என்ன சாதி என்பதையும், பொலிஸ் வரப்போவதையும்.

"பிழை என்ர. நான்தான் பிரிச்சனான். பிரிச்ச மாதிரியே திருப்பித் தாங்கோ" என்றார்.

வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார். கையில் கொப்பி இல்லை, துண்டு இல்லை.

"கிணத்தடி வீடு, மூண்டு அட்டை. பூவரசடி வீடு, மூண்டு. பாயில கிடக்கிற ஆள் இருக்கிறதால ஒண்டு கூட, நாலு. வாடிக்குப் பின்வீடு, மூண்டு."

பெயர் வந்த வீட்டுக்காரர் ஓடினார்கள், ஓடி வந்தார்கள். "ரெண்டு குடிச்சனான்", "ஒண்டு என்ர மனிசன் குடிச்சவர்" என்று சொல்லிச் சொல்லிப் படங்கில் போட்டார்கள். அயலூரான ஓலைத்தொடுவாயில் கட்டிக் கொடுத்த மகளுக்கு ஒரு அட்டை அனுப்பியதாக ஒரு மனிசி சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் பறந்தது. கோயில் மூப்பர் கோயிலின் பங்கை உடைக்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் ஒளிக்கவில்லை. எப்படித் தெரியும் என்று விசாரணையில் என்னைக் கேட்டார்கள். நின்று பார்த்தவளுக்குத் தெரியும் என்றேன். பங்கு என்று வந்தால் அந்தச் சனத்துக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வயல் பக்கத்திலிருந்து பத்துப் பேரைக் கொண்டுவந்து அந்த மணலில் நிறுத்திக் காட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ஒரு வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார். நல்ல உடம்புள்ள ஆள். கயிற்றில் முன்னணியில் நிற்பவர். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது.

"என்ர மூண்டு அட்டையும் முடிஞ்சுது அக்கா. முதல் நாரி நோவுக்குத்தான் குடிச்சனான். இப்ப குடிக்காட்டி உடம்பு கிடந்து பதறுது" என்று சொல்லி எல்லோர் முன்னாலும் அழுதார்.

அக்கா ஏசவில்லை. "நீ ரீச்சரோட டொக்டரிட்டப் போ. வெக்கப்படாதே" என்றார். அடுத்த வீட்டைச் சொன்னார். இரண்டு கிழமை. இரண்டே கிழமையில் அந்தச் சின்னக் குளிசை அவ்வளவு பெரிய மனிதனை அப்படி ஆக்கியிருந்தது. என் மட்டையில் கீறிய மண்டையோடு எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்று அப்போது விளங்கியது.

இதற்கிடையில் வீட்டுக்குப் போய் வந்த இரண்டு மூன்று தாய்மார், சின்னதுகள் பாடசாலையால் இன்னும் வரவில்லை என்றார்கள். விளையாட்டுப் பயிற்சியாக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடைசியாக அக்கா சொன்னார்: "பள்ளிக்கூடம், ஐஞ்சு அட்டை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அலுமாரியில் இருக்கிறது என்றேன். பிறகு, அந்த மணலில் நின்று வேறுவிதமாகப் பேச எனக்கும் வரவில்லை. ஆறு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், அதில் ஒருத்திக்கு இரண்டு தடவை, மொத்தம் ஏழு என்று சொன்னேன். எந்த எந்தப் பிள்ளை என்பதையும் சொன்னேன். அந்தத் தாய்மார் அங்கேயே நின்றார்கள். என் மயிரைப் பிடித்து இழுத்திருந்தாலும் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். ஒரு தாய் என் கையைப் பிடித்து, "போய் எடுத்துக்கொண்டு வாங்கோ ரீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

நானும் அக்காவும் ஓடினோம். பாடசாலை விட்டு அரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. வகுப்புகள் வெறிச்சோடிக் கிடந்தன. அலுமாரியைத் திறந்தேன். என் கைப்பையில் இருந்த உடைத்த அட்டையில் மூன்று மிச்சம். அலுமாரிக்குள் முழு அட்டை நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது. திரும்ப எண்ணினேன். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். பஞ்சும் துணிப்பட்டியும் நிலத்தில் உருண்டன. மூன்றுதான்.

"அக்கா, ஒரு அட்டை இல்லை. பத்துக் குளிசை" என்றேன். வீட்டுக்கு வராத சின்னதுகள் என்ற பேச்சு அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

அக்கா உதட்டில் விரல் வைத்தார். பின்பக்கத்தில் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தாங்கி நிற்கிற பக்கம். விறாந்தையைச் சுற்றிக்கொண்டு போனோம். எப்படிப் போனேன் என்று தெரியாது.

தாங்கியின் நிழலில் ஒன்பது பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். எல்லோரும் நீல இல்லம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகள். ஆளுக்கொரு கொப்பி முன்னால் விரித்திருந்தது, எட்டுக் கொப்பியில் ஒவ்வொரு சிவப்பு மஞ்சள் குளிசை. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்கள், மூடி கழற்றியபடி. நடுவில் மடித்த கைலேஞ்சியின் மேல் பத்தாவது குளிசை. ஒரு பிள்ளை தன் குளிசையைக் கொப்பியில் வைக்காமல் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். எல்லோரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். எல்லோரும் விழித்திருந்தார்கள். எல்லோருக்கும் மூச்சு ஓடியது.

அக்காதான் கேட்டார், ஒன்றுமே நடக்காததுபோல, மெல்ல.

"என்ன பிள்ளையள் இது?"

"பங்கு மாமி" என்றாள், குளிசையைப் பொத்தி வைத்திருந்தவள். மூன்றாம் வகுப்பு, எல்லோரிலும் சின்னவள். "எங்கட இல்லத்து அக்கா இதைக் குடிச்சிட்டுத்தானே நோவில்லாம ஓடி வெண்டவ. நாங்களும் வெல்லப் போறம்."

"குடிச்சிட்டீங்களோ?"

"இல்லை."

"ஏன் குடிக்கேல்ல?"

பங்கு பிரிக்கிற ஆளே இப்படிக் கேட்கிறாரே என்பதுபோல அந்தப் பிள்ளை அக்காவைப் பார்த்தாள்.

"பத்துப் பங்கு மாமி. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம். அவவின்ர பங்கு குடுபடேல்ல. அதுக்கு முன்னம் நாங்கள் எப்படி வாயில வைக்கிறது?"

மணி அடித்ததிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார்கள். பசிக்கிற நேரம், வெயில், முன்னால் மிட்டாய் நிறத்தில் குளிசை. ஒரு பிள்ளை கூட வாயில் வைக்கவில்லை. வராத ஒருத்திக்காக.

அக்கா அந்த வட்டத்துக்குள்ளேயே மணலில் இருந்துவிட்டார். மணல் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா சுகமாயிருக்கிறா. அவவின்ர பங்கை முதல் என்னட்டத் தாங்கோ" என்றார். லேஞ்சியோடு எடுத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான், அவர் கை நீட்ட, தங்களுடையதை ஒவ்வொருவராகத் தந்தார்கள்.

கடைசியாகச் சின்னவள் கையை விரித்தாள். வியர்வையில் குளிசையின் கூடு இளகி உள்ளங்கையில் ஒட்டிப் போயிருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தேன், என் சேலைத் தலைப்பால் அந்தக் கையைத் துடைத்தேன், தண்ணீர் விட்டுக் கழுவினேன், திரும்பத் துடைத்தேன். பத்தும் இருந்தன. முன்பக்கத்தில் பொலிஸ் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை. அந்தக் கையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.